சும்மா சுற்றிய சக்கரம்

மனைவியைப் பாம்பு கடித்தபோது எங்கள் பிக்கப் வண்டி சேற்றில் மாட்டியிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இளநீர் ஏற்றி, மைசூரில் தேவராஜ மொஹல்லா கடைகளில் கொண்டுபோய் இறக்குவது எங்கள் பிழைப்பு. அன்று மதியம், தோட்டத்துக்குள் திரும்பும் இடத்திலேயே காலி வண்டியின் இடது பின்சக்கரம் இறங்கிவிட்டது. சக்கரத்துக்கடியில் போடத் தென்னை மட்டை எடுக்கப் போனவள், "ஏனுங்க, என்னமோ கடிச்சிருச்சுங்க" என்றாள்.

கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளிகள். மட்டைகளுக்குள் கண்ணாடி விரியன் நெளிந்து போவதைத் தோட்டக்காரர் பார்த்துவிட்டார். "நடீபேடம்மா, நடக்காதே" என்று அவளைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் வண்டி இல்லை, நேரமாகும் என்றார்கள்.

அவளைத் தூக்கி முன் சீட்டில் கிடத்திவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். சேற்றில் இருந்த இடது சக்கரம் வெறிபிடித்ததுபோல் சுற்றியது. கெட்டியான தரையில் இருந்த வலது சக்கரம் அசையவே இல்லை. மட்டை போட்டோம், சாக்குப் போட்டோம். எல்லாவற்றையும் அது வாரிப் பின்னால் எறிந்துவிட்டு இன்னும் ஆழமாக இறங்கியது.

முன்பு நான் சம்பளத்துக்கு ஓட்டிய பிக்கப்பில், என்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்க லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தது. ஒரு சக்கரம் வழுக்கினால் உள்ளே தட்டுகள் இறுகி, பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசையைக் கொடுத்துவிடும். இந்த வண்டியில் இருப்பது சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் சும்மா சுற்றினால், அதற்குப் போகும் அந்தச் சொற்ப விசைதான் மற்றதற்கும் போகும். வாங்கும்போதே எனக்கு அது தெரியும். சேற்றில் நமக்கென்ன வேலை என்று நினைத்திருந்தேன்.

"ஏனுங்க, கால் எரியுதுங்க. வாந்தி வருது."

"கொஞ்சம் பொறுத்துக்க சாமி, இதோ கெளம்பிரலாம்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் தோன்றியது. சும்மா சுற்றும் சக்கரத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், மற்றதற்கும் விசை கூடுமே. ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தானே பிடிக்கிறது. பாதி அளவுக்கு அதை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் கியரில் மெதுவாக மிதித்தேன். என்ஜின் முனகியது. பிரேக் கருகும் நாற்றம் வந்தது. தோட்டக்காரர் பின்னாலிருந்து தோள்கொடுத்துத் தள்ளினார். வலது சக்கரம் தரையைப் பிடித்து ஒரு சுற்று உருண்டது. வண்டி ஒருபக்கமாக ஆடி மேலே ஏறியது.

வழியெல்லாம் அவளிடம் பேசிக்கொண்டே ஓட்டினேன். பாதி வழிக்கு மேல் அவள் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். "விஷம் கிட்னியில இறங்கியிருக்கு, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். டயாலிசிஸ் அறைக்கு வெளியே, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

பிழைத்துக்கொண்டாள். இப்போதும் என்னோடு வண்டியில் வருகிறாள். தோட்டங்களில் மட்டும் கீழே இறங்குவதில்லை. நானும் இறங்கச் சொல்வதில்லை.