சிவப்பு முக்கோண ஜீப்

போன வாரம் புளி வாங்க ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் சுகாதாரத்துறை ஜீப் ஒன்று வந்து நின்றது. குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து – இலவசம். மைக்கில் அறிவிப்பு முடிவதற்குள் சந்தையில் பாதிப் பெண்களைக் காணோம்!

கூடையைப் போட்டது போட்டபடி, இடுப்பில் குழந்தையோடு ஓடிய ஒருத்தியை எனக்குத் தெரியும். சின்னம்மா.

“இந்த ஜனங்களுக்குப் புத்தியே வராது சார்” என்றார் ஜீப்பில் வந்த நர்ஸ்.

ஆனால் அந்த ஓட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எமர்ஜென்சி காலம். நான் இதே மலையில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். டெல்லியில் அன்று இருந்தவர்களின் கண்ணுக்கு நாட்டில் ஒரே வியாதிதான் தெரிந்தது – ஜனத்தொகை. பசிக்கும் அதுதான் காரணம், வறுமைக்கும் அதுதான் காரணம் என்று நம்பினார்கள். மேலே அது கொள்கை. படி இறங்கி எங்களிடம் வரும்போது கோட்டா! மாதம் இத்தனை ஆண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன். குறைந்தால் சம்பளம் நிற்கும். காலரா மருந்து கேட்டு எழுதினால் பதில் வராது. ஆள் குறைந்தால் மறுநாளே மெமோ வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மலையூரில் வாந்திபேதி என்று தகவல் வந்தது. ஜீப்பில் கிளம்பினேன். கதவில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். முந்தின வாரம் இதே ஜீப், கம்பளி தருகிறோம் என்று சொல்லி, சந்தையில் மூன்று பேரை ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது...

போய்ப் பார்த்தால் ஊரில் ஈ காக்கை இல்லை.

நோய் வந்தால் ஊரைக் காலி செய்துவிட்டுக் தூரத்துக் கொல்லை வயல்களில் இருக்கும் குடிசைகளுக்குப் போய்விடுவது இந்த மக்களின் வழக்கம். அதுதான் என்று நினைத்தேன். ஆனால் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சாமைச் சோறு அரை வேக்காட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஜீப் சத்தம் கேட்டு, நோயாளிகளையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள்!

ஒரு வீட்டு வாசலில் மட்டும் ஓர் இளம்பெண் கொடுவாளோடு நின்றாள். அவள்தான் சின்னம்மா. உள்ளே பாயில் அவள் கணவன், கண்கள் குழி விழுந்து, தூக்க முடியாத நிலையில்.

“கிட்ட வராதீங்க!”

“ஜீப்பில ஏத்துனா சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்மா. இல்லன்னா ஆளு தாங்க மாட்டாரு.”

“இட்டுக்கினு போய் இன்னா பண்ணுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும்.”

“சத்தியமா அதெல்லாம் இல்லம்மா.”

“இந்த மாசம் உங்களுக்கு எத்தினி ஆளு கொறையுது? அத்தச் சொல்லுங்க.”

இரண்டு.

வாய் வரை வந்ததை விழுங்கினேன். ஏனென்றால், பாயில் கிடந்தவனைப் பார்த்த முதல் நொடியே என் மனசு கணக்குப் போட்டுவிட்டது – பிழைத்து எழுந்தால், அப்படியே முகாமுக்கு... அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

“ஜீப்பு போவட்டும். அப்புறம் வூட்டுக்குள்ள வாங்க” என்றாள்.

டிரைவரிடம் சொல்லி ஜீப்பை அனுப்பினேன். மலைப்பாதையில் அதன் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மரங்களுக்கு நடுவிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கம்பில் கம்பளியைக் கட்டி, டோலியில் அவனைச் சுமந்துகொண்டு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். கொடுவாளைக் கீழே வைக்காமல் கூடவே நடந்தாள் சின்னம்மா.

பிழைத்தான். அவன் குணமாகும்வரை அவள் கட்டிலை விட்டு அசையவில்லை. வேறு எதற்கும் அவனை யாரும் தொட முடியவில்லை.

என் அதிகாரி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “ஜீப் ஏன்யா காலியா வந்துச்சு?”

சரி, சந்தைக்கு வருவோம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற சின்னம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன்.

“ஆட்சியெல்லாம் மாறிப்போச்சும்மா! இது வெறும் சொட்டு மருந்து. கொழந்தைக்குக் கால் விளங்காமப் போயிடக் கூடாதுன்னுதான்...”

“நீங்க நல்லவருங்க. ஆனா ஜீப்பு அதே ஜீப்புதானே?”

திரும்பிப் பார்த்தேன். வெளுத்துப்போன முக்கோணம் கதவில் அப்படியே இருந்தது.

“அன்னிக்கு உங்க பேச்சக் கேட்டு அவரை ஏத்தி அனுப்பியிருந்தா, இவன் ஏதுங்க?” என்று இடுப்பில் இருந்த மகனைக் காட்டினாள்.

அன்று அவளைக் காப்பாற்றிய பயம்தான் இன்று அவள் பிள்ளைக்கு எமனாக நிற்கிறது. அந்தப் பயத்தை நட்டவர்கள் நாங்கள்!

பஸ் புறப்பட்டது. சின்னம்மா ஓடி ஏறினாள். ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று நர்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அம்மா மடியில் அந்தப் பையன் இரண்டு கால்களையும் உதைத்துச் சிரித்துக்கொண்டே போனான்.

நல்ல கால்கள்... கடவுளே, அப்படியே இருக்க வேண்டும்.