2110 சிசி ஆமையும் அண்ணனின் கயிறும்

போன சனிக்கிழமை காலை. கேமரன் மலைக்குப் பிரியும் சிம்பாங் பூலாய் சிக்னலில் பச்சைக்காகக் காத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் எங்கள் அண்ணன். அவர் காரின் முன்சீட்டில், சீட் பெல்ட் போடாத குறையாக, ஒரு நைலான் கயிறு!

அந்தக் கயிறு உங்களில் பலருக்குப் பழக்கம்தான். இங்கேயே எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்! என்னுடைய பழைய பீட்டில் – ஊரில் எல்லாரும் ஆமைக் கார் என்பார்களே, அதுதான் – வருஷா வருஷம் பழைய கார் கோஷ்டியோடு கேமரன் மலைக்குக் கிளம்பும். பாதி மலையில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அண்ணன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார். மேலே போனதும் அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு எப்படி இருக்கும்?

இந்த முறை பந்தயமே வைத்துவிட்டார். சுங்கை சிப்புட்டில் அவருக்கு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. "தங்கச்சி, இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா வண்டிய எனக்குக் கொடுத்துரு லா. கடை வாசல்ல நிறுத்தி, மேல பூச்சட்டி வச்சிக்கிறேன்."

பூச்சட்டியா? என் கார் மேலா? "சரி" என்று சொல்லிவிட்டேன். ரோஷம் யாரை விட்டது!

நேரே பஷீர் அண்ணன் பட்டறைக்குப் போனேன். குடும்பமே மாமாக் சாப்பாட்டுக் கடை நடத்த, இவர் மட்டும் எஞ்சின் கழற்ற வந்தவர். அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்.

"இருக்கறதுலயே பெரிய பிஸ்டன் எதுவோ அதப் போடுங்கண்ணே" என்றேன்.

"ஏம்மா, இது என்ன தண்ணி ஊத்துற வண்டியா? காத்துதான் இதுக்குத் தண்ணி! ரொம்பப் பெருசு போட்டா சிலிண்டர் சுவர் மெலிசாயிரும். மலையில சூடேறி, பாதி வழியில உக்காந்துரும் லா. அப்புறம் உங்க அண்ணன் பூச்சட்டியோட வருவாரு!"

வாராவாரம் சண்டை. நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வரும், ஆறும், மறுபடி வரும். நான் பிஸ்டனைப் பெரிதாக்கச் சொல்வேன். அவர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் கூடட்டும், கிராங்கை நீளமாக்குவோம் என்பார். கடைசியில் பட்டறைக் கதவில் சாக்பீஸால் எழுதினோம்: கிராங்க் 82, பிஸ்டன் 90.5, மொத்தம் 2110 சிசி. இருந்தது வெறும் 1600தான்! கார்புரேட்டர் ரெண்டு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'சூடு'.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சினைப் பெரிதாக்குவது ஒரு வேலை என்றால், அது மூச்சு விட வழி செய்வது ஒன்பது வேலை. கூடுதலாக ஒரு ஆயில் கூலர் வைத்தோம். எஞ்சினைச் சுற்றி இருந்த இடுக்கையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தோம், அடியில் இருக்கிற அனல் மேலே ஏறக்கூடாதே! இப்போது எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்ட பழைய ரப்பர் தோட்டத்து ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பழக்கினோம். அந்தச் சத்தம் இருக்கே... ஐயோ, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சனிக்கிழமை புறப்படும்போது அண்ணன் பூஜை போட்டார். தேங்காய் உடைத்தார், டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். மற்ற வண்டிக்கெல்லாம் மாலை முன்னாலே. ஆமைக் காருக்குத்தான் எஞ்சின் பின்னால் இருக்கிறதே? "எஞ்சினுக்குத்தானே பூஜை!" என்று ஒரு கனத்த செவ்வந்தி மாலையைப் பின்கண்ணாடிக்குக் கீழே குறுக்கே இழுத்துக் கட்டினார். "பந்தயம் வேற, பாசம் வேற லா" என்றார். நெகிழ்ந்துபோனேன்.

மலை ஏறினோம். எப்படி ஏறினோம் என்கிறீர்கள்! மூன்றாவது கியரில் ஒரு லாரியை முந்தினேன். பக்கத்தில் பஷீர் அண்ணன் சீட்டைத் தட்டித் தட்டிக் கூவினார்.

திடீரென்று கூவலை நிறுத்தினார். ஆயில் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே இருந்தது... சிவப்பைத் தொடப் போகிறது. ஓரங்கட்டினேன். பின்னாலேயே அண்ணன். கயிறும் கையுமாக இறங்கி வந்தார், முகமெல்லாம் பல். போச்சு, என் கார் பூச்சட்டிதான்!

எஞ்சினைப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போனேன். பார்த்தால்... பின்கண்ணாடிக்குக் கீழே வரிசையாகத் துளைகள் இருக்கும். எஞ்சின் காற்று இழுப்பது அந்த வழியாகத்தான். அதன்மேல் செவ்வந்தி மாலை அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தது! எஞ்சின் மூச்சை இழுக்க இழுக்க, மாலை இறுகி மூக்கை அடைத்திருக்கிறது. இத்தனை இடுக்கைப் பார்த்துப் பார்த்து அடைத்தோமே, திறந்திருக்க வேண்டிய ஒரே இடத்தை அண்ணன் அடைத்துவிட்டார்!

"யோவ், மூக்குல மாலை போட்டா எப்படிய்யா மூச்சு விடும்?" பஷீர் அண்ணன் போட்ட சத்தம் ஈப்போ வரைக்கும் கேட்டிருக்கும்.

மாலையை அவிழ்த்து முன்னால் மாட்டினேன். சூடு தணியட்டும் என்று கொஞ்சம் நின்றோம். அப்புறம் மிதித்தேன் பாருங்கள், முள் அசையவே இல்லை! கோஷ்டி மொத்தமும் கைதட்ட மேலே போய் நின்றேன். அண்ணன் வந்து சேர்ந்தபோது நான் அவித்த சோளத்தில் பாதியைத் தின்றிருந்தேன்.

பாசக்காரர்கள் மாலையோடு வந்தால் மறுக்காதீர்கள். மூக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

அந்த நைலான் கயிறா? மாலை போட்டு நிறுத்தியது அவர்தானே, பந்தயம் எனக்குத்தான் என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன்... எங்கள் வீட்டுக் கொல்லையில் அதில்தான் இப்போது துணி காய்கிறது!