மஞ்சள் பூசிய முதுகு

போன செவ்வாய்க்கிழமை ஒரு முதுகு என்னை ஏமாற்றப் பார்த்தது.

மலேசியாவின் ஜோகூரில் ஒரு மருத்துவமனையின் எலும்பு வங்கியில் நான் தாதி, அதாவது நர்ஸ். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான். அதனாலோ என்னவோ, இது என்ன வேலை என்று வீட்டில் இன்னும் யாருக்கும் விளங்கவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டு மாற்றும்போது, தேய்ந்துபோன எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எடுப்பார்கள். வீசத்தான் வேண்டும். ஆனால் நோயாளி சம்மதித்து, உடம்பும் சுத்தமாக இருந்தால், அதை உறைய வைத்து இன்னொருவரின் உடைந்த காலுக்குப் பயன்படுத்தலாம்.

சுத்தம் என்று எப்படித் தெரியும்? இரத்தம் சோதிப்போம். ஆனால் புதிதாகத் தொற்றிய கிருமி கொஞ்ச நாள் இரத்தத்தில் பிடிபடாது. கேள்வி கேட்போம். மனிதர்கள் மறப்பார்கள்… அதனால் தலை முதல் கால் வரை நானே பார்க்க வேண்டும். ஊசித் தழும்பு, புதிதாகக் குத்திய பச்சை, கழுத்தில் கட்டி, கண்ணில் மஞ்சள் — எதையும் விட முடியாது.

அன்றைக்கு இடுப்பு மூட்டு மாற்ற வந்தவர், சாஆ என்ற ஊரைச் சேர்ந்த சுப்பையா அங்கிள். எஸ்டேட் லோரி ஓட்டியவர். கூடவே மனைவி சரோஜா ஆண்ட்டி. கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. சமீபத்தில் உடம்பில் எங்காவது குத்திக்கொண்டீர்களா? இல்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். முன்பக்கம் ஒரு குறையும் இல்லை. திரும்பினார் — முதுகு முழுக்க மஞ்சள்!

காமாலை முதுகில் மட்டும் வருமா? அப்படி எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லையே! இமையை இழுத்துப் பார்த்தேன். கண் வெள்ளை. ஈரப் பஞ்சை எடுத்து முதுகில் ஒரு தேய் தேய்த்தேன். பஞ்சு மஞ்சளானது. முதுகில் புள்ளிகள் வரிசை வரிசையாக எழுந்து வந்தன.

தைப்பூசம் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

ஆண்ட்டி கூரையைப் பார்த்தார். உடம்பைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு, தழும்பு மறையட்டும் என்று மூன்று நாளாக மஞ்சள் பூசியது அவர்தானாம்.

"குத்தலன்னு எழுதியிருக்கீங்களே, அங்கிள்?"

"அது குத்துறதில்ல தம்பி. காவடி."

படிவத்தில் ஒரு மனித உருவம் இருக்கும். தழும்புகளை அதில் குறிக்க வேண்டும். நான் குறிக்க ஆரம்பித்ததும் அங்கிளுக்கு வெட்கம் போய்ப் பெருமை வந்துவிட்டது. தோளுக்குக் கீழே இரண்டை விட்டுவிட்டேனாம். கொக்கியில் கனமான பால்செம்பு தொங்கியது அங்கேதானாம். அது போன வருஷம் என்றார் ஆண்ட்டி. இந்த வருஷம்தான் என்றார் அவர். இருவரும் கைப்பேசியில் படம் தேடினார்கள். நான் பேனாவோடு காத்திருந்தேன்.

கொக்கி புதிதா என்று கேட்டேன். அவருக்கும் மச்சானுக்கும் பல வருடமாக ஒரே செட்டாம். எலுமிச்சைச் சாற்றில் கழுவி விபூதியில் போட்டு எடுப்பார்களாம்.

கிருமி சாக அது போதாதே! எலும்பை எடுத்துக்கொள்ள முடியாது என்றேன்.

அங்கிளின் முகம் வாடிவிட்டது. பாசிர் கூடாங்கில் வேலைக்குப் போகும் வழியில் அவர் மகன் ஒருமுறை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை நொறுங்கிக் கிடந்தானாம். யாரோ கொடுத்த எலும்பை வைத்துத்தான் சரிசெய்தார்களாம். இன்று நடக்கிறான்.

"யாரு குடுத்தாங்கன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க. நானும் பேரு தெரியாத ஒருத்தருக்குக் குடுக்கணும் தம்பி. ஆப்பரேஷன் தேதி கெடைக்கணும்னுதான் இந்த இடுப்போட காவடியே எடுத்தேன்."

கொடுப்பதற்காக வேண்டி, வேண்டியதற்காகக் குத்தி, குத்தியதால் கொடுக்க முடியாமல்… இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

"பாக்காத மாதிரி விட்டுடலாமே லா," என்றார் ஆண்ட்டி மெதுவாக.

"உங்க மகனுக்குக் குடுத்தவங்க முதுகையும் ஒருத்தர் பார்த்திருப்பாரு ஆண்ட்டி. அவரு அப்படி விட்டிருந்தா?"

அங்கிள் சட்டையை மாட்டினார். பொத்தான் மாறிப்போய், கழற்றித் திரும்பப் போட்டார். கதவு வரை நொண்டிப் போனவர் நின்றார்.

"இப்ப வலதுதானே மாத்துறாங்க?"

"ஆமா அங்கிள்."

"இடதும் லேசா வலிக்க ஆரம்பிச்சிருக்கு தம்பி." முகம் மெல்ல மலர்ந்தது. "இனிமே பால்குடம் மட்டுந்தான். கொக்கியே கெடையாது."

ஆண்ட்டி தலையில் அடித்துக்கொண்டார்.

'சீக்கிரம் வலி கூடட்டும், அங்கிள்' என்று வாய்வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன்.