இரண்டு ஃப்யூஸ் போதும் என்றவன்

இது நடந்தது. நடந்த இடம் புதுப்பட்டினத்தில் அப்படியே இருக்கிறது. யாருக்கு நடந்ததோ அந்த ஆளும் இருக்கிறான். சந்தேகப்படுகிறவர்கள் சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கும் பூபாலனின் ஷெட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். சொல்லுவான். ஆனால் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்லுவான். பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்டையைப் பிளக்கிற வெயிலில் நடந்தது.

பூபாலன் கார்களுக்கு வயரிங் வேலை செய்பவன். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் கேசவன் என்பவர் ஒரு பழைய அம்பாசடரை வாங்கி, ஆசை ஆசையாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த வயரெல்லாம் எலி கடித்து நார்நாராகக் கிடந்தது. முழுக்கப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதற்காகச் சென்னையிலிருந்து இரண்டு வயரிங் கிட் கொண்டுவந்திருந்தார். ஒன்று, பழைய காலத்து முறைப்படி முழு வண்டிக்கும் சேர்த்து இரண்டே கண்ணாடி ஃப்யூஸ் உள்ளது. இன்னொன்று புது மாதிரி. விளக்குக்கு ஒன்று, ஹார்னுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பன்னிரண்டு ஃப்யூஸ். எது வேண்டாமோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"எதைப் போடலாம் பூபாலன்? நீங்க சொல்றதுதான்."

"ரெண்டு ஃப்யூஸ் போதும் சார். அந்தக் காலத்துல அப்டித்தான வந்துது. பழைய வண்டிக்கு அதான் அழகு."

சொன்னது பொய். பன்னிரண்டு ஃப்யூஸ் கிட்டை அவன் வாழ்நாளில் மாட்டியதில்லை. கூடவே வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். இருபது வருஷம் தொழில் பார்த்தவனுக்கு, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டு ஃப்யூஸ் இருந்தால் எந்த வயர் சூடானாலும் அதற்கான ஃப்யூஸ் மட்டும் போய் வண்டியைக் காப்பாற்றும் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் வேண்டாம் என்றான். கேசவன் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவனிடம் இதைவிடப் பெரிய பொய் ஒன்று ஆறு வருஷமாக இருந்தது.

செய்யூர் சாரதாம்பாள் டீச்சர். கணவர் விட்டுப்போன அம்பாசடரைத் தானே ஓட்டுவார். ஒருநாள் ஹார்ன் வேலை செய்யவில்லை என்று ஷெட்டுக்கு வந்தார். ஃப்யூஸ் போயிருந்தது. அவனிடம் வேறு ஃப்யூஸ் இல்லை. கடைத்தெருவுக்குப் போகச் சோம்பல். சிகரெட் பெட்டிக்குள் இருந்த தங்க நிற ஜிகினாத் தாளைக் கிழித்து, போன ஃப்யூஸின் மேல் சுற்றி மாட்டினான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற கைவேலைதான். அப்படிச் சுற்றினால் வயர் எவ்வளவு சூடானாலும் ஃப்யூஸ் போகாது. வண்டி போகும்.

"ஒன்னும் ஆவாது, போங்க டீச்சர்," என்றான்.

அன்றே கூவத்தூர் தாண்டி வண்டி எரிந்தது. டீச்சரால் கதவைத் திறக்க முடியவில்லை. போலீஸ் கேட்டபோது, "வண்டி ரொம்பப் பழசு சார்," என்று மட்டும் சொன்னான். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மகள் ஜெயப்பிரியா அழைத்தார். போனான். பந்தியில் உட்கார்ந்தான். இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதை நினைத்தால்தான் இன்றும் அவனுக்கு உடம்பு கூசுகிறது. சிகரெட்டை மட்டும் அன்றோடு விட்டான். என்ன பிரயோஜனம்?

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மனைவி மேரி சர்ச்சிலிருந்து அப்படியே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஷெட்டில் பூபாலன் மட்டும். கேசவனின் வண்டியில் பழைய வயர் ஒன்றுகூட இல்லை. பேட்டரியைக் கழற்றி மூலையில் இருந்த மேசை மேல் வைத்திருந்தான். 12.50க்கு இரண்டு ஃப்யூஸ் கிட்டைப் பிரித்து, முன்சீட்டில் மல்லாந்து படுத்து, வயரை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தான். ஃப்யூஸ் பெட்டி அவன் நெஞ்சின் மேல் கிடந்தது.

1.10. தலைக்கு மேலே வண்டியின் கூரை விளக்கு மினுக்கென்று எரிந்தது... அணைந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெயில் உள்ளே வரவே வழியில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

1.18. 'டிக்.'

ஃப்யூஸ் போகிற சத்தம். அவனுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். எடுத்துப் பார்த்தான். கண்ணாடி கறுத்திருந்தது. பேட்டரி மேசை மேல். வயரின் முனை எதிலும் மாட்டவில்லை. பின்னே எப்படிப் போகும்? சரக்கு மட்டம் என்று திட்டிக்கொண்டே வேறொன்று போட்டான்.

1.26. மறுபடி 'டிக்.'

இந்த முறை விரலைச் சுட்டது. உதறினான். சீட்டின் மேல் விழுந்ததைத் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

ஃப்யூஸின் மேல் தங்க நிற ஜிகினாத் தாள். இறுக்கமாக... மூன்று சுற்று. முனையை உள்ளே மடித்துச் செருகியிருந்தது.

அவன் சுற்றுகிற மாதிரியே.

ஷெட்டில் சிகரெட் பெட்டி நுழைந்து ஆறு வருஷம் ஆகிறது.

எழுந்து உட்கார்ந்தான். இறங்கிவிட வேண்டும் என்று காலை நீட்டினான்.

1.29. கதவு சாத்திக்கொண்டது. காற்றில்லை. ஒரு இலை அசையவில்லை. கைப்பிடியைத் திருப்பினான். திரும்பவில்லை. கண்ணாடியை இறக்கும் பிடி கையோடு சுற்றியது... கண்ணாடி இறங்கவில்லை.

பிறகு வாசனை வந்தது. ரெக்ஸின் கருகும் வாசனை.

பின்சீட்டில் ஸ்பிரிங் 'கிரீச்' என்றது. யாரோ உட்கார்ந்த மாதிரி.

அவன் திரும்பவில்லை. எதிரே பின்சீட்டைக் காட்டும் சின்னக் கண்ணாடியையும் பார்க்கவில்லை.

"ஒன்னும் ஆகாதா, பூபாலா?"

அதட்டல் இல்லை. வகுப்பில் கணக்குக் கேட்கிற குரல்.

அப்போதும் பாருங்கள், அவன் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"வண்டி... ரொம்பப் பழசு டீச்சர்."

செத்தவரிடமே பொய் சொன்னான்.

சீட் சூடானது. தொடை பொசுங்கியது. கண் எரிந்தது. மூச்சு வரவில்லை. ஹார்ன் அலறத் தொடங்கியது. வயரே இல்லாத ஹார்ன்... நிற்கவே இல்லை.

கதவை அடித்தான். உதைத்தான்.

டீச்சரும் இப்படித்தானே அடித்திருப்பார்.

அந்த நினைப்பு வந்ததும் அவன் அடிப்பதை நிறுத்தினான். பயம் இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

"நான்தான் டீச்சர். தாளைச் சுத்துனது நான்தான். கடைக்குப் போவச் சோம்பல்பட்டு... நான்தான்."

ஹார்ன் நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

மணி 1.40.

வெளியே விழுந்து, ஷெட்டுக்கு வெளியே மணலில் கிடந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. 2.15க்குக் கேசவனுக்குப் போன் போட்டான்.

"சார், பன்னெண்டு ஃப்யூஸ் கிட்டே போட்டுறலாம்."

"நீங்கதான வேணாம்னீங்க?"

"எனக்கு அது தெரியாது சார். அதான் வேணாம்னு சொன்னேன். நீங்க கூட குந்தி அந்தப் புக்கைப் படிச்சு சொல்லுங்க. கத்துக்கினு போடறேன்."

கேசவன், "சரி பூபாலன், சேர்ந்தே பண்ணுவோம்," என்றார். இவ்வளவுதான் விஷயம் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவனுக்குக் கண்ணீர் வந்தது.

பைக்கை எடுத்தான். 4.05க்குச் செய்யூரில் ஜெயப்பிரியா வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னார். வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். ஜிகினாத் தாளை. சோம்பலை. போலீசிடம் சொன்ன பொய்யை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை. போலீசுக்கு இப்போதே கூப்பிட்டாலும் சரி, வருகிறேன் என்றான்.

ஜெயப்பிரியா அழவில்லை. திட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்டிமா?"

"அம்மா போன் பண்ணினாங்க. பூபாலன்தான் தாளைச் சுத்தினான், நீ போய் அவன்கிட்ட எதுவும் கேக்காத, அவனே ஒருநாள் வந்து சொல்லுவான்னாங்க. அவ்வளவுதான். வெச்சிட்டாங்க."

எரிகிற வண்டிக்குள் இருந்துகொண்டு, அந்த நேரத்திலும் தன்னை நம்பிப் பேசியிருக்கிறாரே என்று பூபாலன் நினைத்தான். படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"வண்டி எரியும்போது பேசுனாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றார் ஜெயப்பிரியா. "போனும் வண்டியோடவே உருகிப் போச்சு. ஆனா கால் அம்மா நம்பர்லேர்ந்துதான் வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் 6.20க்கு. அப்போ நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில, மார்ச்சுவரி வாசல்ல நின்னுட்டிருந்தேன். அம்மாவை உள்ளே கொண்டுபோய் ரெண்டு மணி நேரம் ஆயிருந்துது."