மாமன் சீராக வந்த கவுன்

சக்திவேல் என் சின்னம்மாவின் கடைசி மகன். அவனுக்கு மூத்தவள் புஷ்பம். நடுவில் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. அதனால் சின்னம்மா இவனைத் தரையில் விடாமல் வளர்த்தாள். வளர்த்த லட்சணம், பத்தாம் வகுப்பைத் தாண்ட முடியாமல் சாத்தூரிலிருந்து ரயில் ஏறித் தியாகராய நகருக்கு வந்து, சொந்தக்காரர் ஜவுளிக் கடையில் துணி மடிக்க நின்றான். மடிக்கிறவன் மடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? இவன் ஒவ்வொரு துணிக்கும் ஒரு கதை சொல்லுவான். இது மகாராணி கட்டின நிறம், இது கப்பலில் வந்த நூல் என்று அளப்பான். கேட்கிறவர்களும் வாய் பிளந்து கேட்பார்கள். அந்த வாயை முதலாக வைத்துத்தான் உஸ்மான் ரோட்டை ஒட்டின சந்தில் பெண் குழந்தைகளுக்குக் கவுன் விற்கிற கடை போட்டான்.

கடை ஓடியது. ஏன் ஓடாது? தொண்ணூறுகளில் ஊருக்கே கிறுக்குப் பிடித்திருந்தது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தோளில் இரண்டு பலூன் கட்டின மாதிரிப் பஃப் கை. முதுகில் அதன் தலையைவிடப் பெரிய முடிச்சு. காலேஜ் போகிற பெண்கள் தாவணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணன் சட்டையை இரவல் வாங்கினது போலத் தொளதொளவென்று ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். கீழே யானைக்கால் மாதிரி பேரலல் பேண்ட். தலை நிறைய வண்ணத்துப்பூச்சி கிளிப். நெற்றியில் பாம்பு நெளிகிற ஸ்டிக்கர் பொட்டு. பையன்கள் போட்ட பேகி பேண்டில் இன்னொரு ஆள் குடியிருக்கலாம். இதையெல்லாம் பேஷன் என்றார்கள். நானும் பாண்டி பஜாரில் நின்று பார்த்திருக்கிறேன். சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடு.

புஷ்பத்தை அதே பாண்டி பஜாரில் வெள்ளிக் கடை வைத்திருந்த தனபாலனுக்குக் கொடுத்திருந்தது. தனபாலன் வீட்டு ஆட்களுக்குத் தங்கள் நிழல்கூட வெள்ளியில் வார்த்தது என்று நினைப்பு. விசேஷத்துக்கு விசேஷம் சக்திவேலைப் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். "மாப்ளே, பொம்மைச் சட்டை வியாபாரம் எப்படி?" என்று தனபாலன் நாலு பேர் நடுவில் கேட்பான். தனபாலனின் அக்கா செண்பகம் அதற்குத் தனியாகச் சிரிப்பாள். இவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ரோஷம் உள்ளே இருந்தது, வெளியே வர வழி தெரியவில்லை.

தொண்ணூற்று ஐந்தில் அந்த வழியும் திறந்தது. அடையாறில் கவுன் வாங்குகிற ஒரு பெரிய இடத்து அம்மாள் இவனுக்கு ஒரு டிக்கெட் கொடுத்தாள். வெளிநாட்டுப் பெண்கள் மயிலாப்பூர் பக்கத்தில் ஒரு சபாவில் பேலே என்று கால் நுனியில் நின்று ஆடுகிற ஆட்டம் ஆடினார்கள். இவன் போய் வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்தான். ஆட்டத்தை இல்லை, உடுப்பை. பக்கத்து இருக்கையில் இருந்த வெங்கடரமணன் என்கிற ரிட்டையர்டு வாத்தியார் அந்த உடுப்பின் கதையைச் சொல்லியிருக்கிறார். பிடித்தது சனி. அன்றிலிருந்து யார் வந்தாலும் அதே கதைதான்.

முன்காலத்தில் அந்தப் பாவாடை கணுக்காலுக்குப் பக்கத்தில் தொங்குமாம். ஆடுகிறவளின் கால் வித்தை யாருக்கும் தெரியவில்லையாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்களாம். வெட்டி வெட்டி முழங்காலுக்கு ஏறி, அங்கேயும் நிற்காமல் இன்னும் மேலே போய், கடைசியில் கீழே தொங்கவேண்டியது தாம்பாளம் மாதிரிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றதாம். வலைத்துணியை அடுக்கு அடுக்காக வைத்து இடுப்பில் தைப்பார்களாம். அதற்கு டூட்டூ என்று பெயராம். "அக்கா, அது உடம்பில இருக்கிற மாதிரியே தெரியலை. பூ காத்துல நிக்கிற மாதிரி நிக்குது," என்று என்னிடம் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. துணி இல்லாத பாவாடைக்கு அழுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த தை மாதம் புஷ்பத்தின் மகள் ஸ்வர்ணலதா பெரிய மனுஷியானாள்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு கிடையாது. மாமன் கொண்டுவருகிற உடுப்பை உடுத்திக்கொண்டுதான் பிள்ளை மனைக்கு வரணும். மாமன்தான் மாலை போடணும். அந்த உடுப்பை ஒதுக்கினால் மாமனையே ஒதுக்கினதாக அர்த்தம். அப்புறம் அந்தப் பெண்ணின் கல்யாணத்தில்கூட அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிப் போகிற ஆள்தான். சின்னம்மாவும் போய்விட்ட பிறகு புஷ்பத்துக்குப் பிறந்த வீடு என்று சொல்ல இந்த ஒரு தம்பிதான் மிச்சம்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? நல்ல அரக்குப் பட்டாக ஒன்று எடுப்பான். சக்திவேல் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனான். அங்கே ஹனீஃபா பாய் அவனுக்கு வாடிக்கையாகக் கவுன் தைக்கிறவர். இவன் காகிதத்தில் வரைந்து காட்டியதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாராம். "இன்னா நைனா இது, கொடை ரிப்பேருக்கு வந்துக்கீறியா?" என்று கேட்டாராம். இவனே சிரித்துச் சிரித்து எங்களுக்குச் சொன்னது. பாய் முதலில் தைத்தது நனைந்த கோழி மாதிரித் தொங்கியது. பிறகு ஓரத்தில் கம்பி கொடுத்து, வலையை அடுக்கி, நடுநடுவே நூல் முடிச்சுப் போட்டு ஒருவழியாக நிற்க வைத்தார். இடுப்புக்கு மேலே ஜரிகை. அதில் மட்டும் மறக்காமல் இரண்டு பஃப் கை. தொண்ணூறுகள் இல்லையா, அது இல்லாமல் எப்படி?

இந்த வலையை நான் முன்னாலேயே பார்த்தேன். தம்பி, பிள்ளைக்கு ஒரு பட்டும் சேர்த்து எடு என்று சொன்னேன். பட்டை எல்லா மாமனும் கொண்டு வருவான் அக்கா என்றான். தனபாலன் வீட்டார் வாயடைத்து நிற்கணுமாம்.

சடங்கு தியாகராய நகரில் ஒரு மண்டபத்தில். தெருமுனையிலிருந்து மேளத்தோடு சீர் வந்தது. பழத்தட்டு, பூத்தட்டு, வளையல் தட்டு எல்லாம் நாங்கள் பெண்கள் ஏந்தி வந்தோம். கவுன் எந்தத் தட்டிலும் அடங்கவில்லை. சக்திவேல் அதைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூரை பறந்த வீட்டுக்காரன் கூரையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி நடந்தான். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாகஸ்வரக்காரருக்குச் சிரிப்பு வந்து மூச்சு விட்டுப்போனது. வீடியோக்காரன் ஒரு நிமிஷம் கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பார்த்தான்.

மண்டபத்தில் சத்தம் அடங்கியது. வாயடைத்துத்தான் நின்றார்கள். அவன் நினைத்த மாதிரி இல்லை.

செண்பகம் முன்னால் வந்து ஒரு விரலால் வலையைத் தொட்டாள். "இது உடுப்பா, கொசுவலையா?"

இவன் கணுக்காலில் தொடங்கினான். வெட்டின கதை முழங்காலுக்கு வருவதற்குள் தனபாலன், "மாப்ளே, கொஞ்சம் வாய மூடு," என்றான். செண்பகம் பையிலிருந்து ஒரு பட்டுப் பாவாடையை எடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்தாளாம். எதற்கு என்று எங்களுக்குத் தெரியாதா? மாமன் தோற்றால் அத்தை கை ஓங்கும். நாளைக்கு அவள் மகனுக்கு இந்தப் பெண்ணைக் கேட்க வாசல் திறக்கும். பிள்ளை என் பாவாடையைக் கட்டட்டும், மாலையை என் வீட்டுக்காரர் போடட்டும் என்றாள். தனபாலன் மறுத்துச் சொல்லவில்லை.

புஷ்பம் அறைக்குள் ஓடினாள். நானும் பின்னால் போனேன். சக்திவேல் அந்தக் கூரையோடு வாசலில் சிக்கி, பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தான். "ஊரு பூராப் பட்டு தொங்குது. உனக்கு ஒண்ணு கிடைக்கலையாடா?" என்று புஷ்பம் கேட்டாள். உரக்கக்கூட இல்லை. அவன் கவுனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை நாள் ஓயாத வாய், அன்றைக்குத்தான் நின்றது.

மனைக்குக் கூப்பிட வந்த செண்பகத்தைப் பார்த்து, அறை மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்வர்ணலதா கேட்டது: "அத்தை, மாமா கொண்டு வந்ததைத்தான உடுத்தணும்?"

"இத மாட்டிக்கிட்டு மனையில எப்படிடி உக்காருவ?"

"உக்கார மாட்டேன். நிக்கிறேன்."

"கால் தெரியுமே?"

பெண் பெட்டியைத் திறந்து பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற தன் பழைய சுடிதார் பேண்டை எடுத்தது. வெள்ளை. முழங்காலில் மை பட்டது.

மாமன்மேல் பாசமா, வலைமேல் ஆசையா, யார் கண்டது? மேலே ஜரிகை, நடுவில் தாம்பாளம், கீழே பள்ளிக்கூடத்து பேண்ட், கழுத்தில் தனபாலன் வீட்டு நகை மொத்தமும். அப்படி ஒரு கோலத்தில் அது மனைப்பலகைமேல் ஏறி நின்றது. சபையில் ஒருத்தருக்கும் எதை முதலில் பழிக்க என்று தெரியவில்லை. மாமன் உடுப்பு மனை ஏறிவிட்டது, அதற்கு மேல் செண்பகத்துக்கு வழக்குப் பேச இடமில்லை.

சந்தனம் பூச வந்தவர்கள் பட்டபாடு இருக்கிறதே. சுற்றிலும் ஒரு கை நீளத்துக்கு வலை. கிட்டே போக முடியவில்லை. செண்பகம் கன்னத்தைக் கிள்ளினால் மறுநாள் வரை சிவந்திருக்கும். அன்றைக்கு அவள் மாங்காய் பறிக்கிற மாதிரி எக்கி, விரல் நுனிச் சந்தனத்தை மூக்கில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பிள்ளை சிரித்தது. உட்கார வைத்துத் தலையைக் குனிய வைக்கிற சடங்கில், நிமிர்ந்து நின்று சிரித்த பெண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கடைசியில் மாமன் மாலை. தானே தைக்கச் சொன்ன வலை தன்னையே தடுக்கும் என்று அந்த அறிவாளி யோசித்திருக்கவில்லை. இரண்டு கையிலும் மாலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். எட்டவில்லை. வலையை அமுக்கினால் கம்பி வளையும். இன்னும் சாய்ந்தான், கால் வழுக்கியது. தனபாலன் எழுந்து போய்ப் பின்னாலிருந்து அவன் இடுப்பு வேட்டியை முறுக்கிப் பிடித்தான்.

"சாய்ஞ்சுக்க மாப்ளே. பிடிச்சிருக்கேன்."

வெள்ளிக் கடைக்காரன் பிடியில் கவுன் கடைக்காரன் பாலம் மாதிரித் தொங்கி, பெண்ணின் கழுத்தில் மாலை போட்டான். புஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

பந்தியில் தனபாலன் முதல் வரிசையில் தன் பக்கத்து இலையைக் காட்டினான். சக்திவேல் போய் உட்கார்ந்தான். பிள்ளை மட்டும் உடுப்பை மாற்ற மாட்டேன் என்று அடம் பிடித்து, தூணோரம் நின்றுகொண்டே, புஷ்பம் கையை நீட்டி நீட்டி ஊட்டச் சாப்பிட்டது. வலையெல்லாம் பாயசம். கிறுக்குக் கூட்டம்.