அம்மா கேட்டு வாங்கிய அத்திக் குச்சி

1. ஹைதராபாத்தில், குஷாய்குடா தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்புறம் அப்பா ஒரு சீமை அத்திக் குச்சியை நட்டார். அது மரமானது.
2. அப்பா காலமானார்.
3. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா அந்த மரத்திலிருந்து குச்சி வெட்டிக் கொடுத்தார்.
4. ஒருவர் மட்டும் கேட்காமல் ஒடித்துக்கொண்டு போனார். அவரோடு அம்மா பேசுவதை நிறுத்தினார்.
5. அம்மா பணி ஓய்வு பெற்றார். நாங்கள் உப்பலுக்குக் குடி மாறினோம். பிறகு அந்த வரிசை வீடுகளை இடித்தார்கள். மரமும் போயிற்று.
6. கேட்டு வாங்கியவர்கள் யாரிடமும் செடி மிஞ்சவில்லை. கேட்காமல் எடுத்தவரிடம் மட்டும் மிஞ்சியிருந்தது.

இதைத் துண்டு துண்டாகக் கேள்விப்பட்ட உறவினர்கள் பலர் என்னிடம் விவரம் கேட்டார்கள். அம்மாவின் முதலாண்டு நினைவு மலரில் அதையே எழுதலாம் என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம்.

அம்மா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். கல்யாணமாகி ஹைதராபாத் வந்தபோது தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. அப்பாவுக்குப் பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வாரிசு அடிப்படையில் அம்மாவுக்கு அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதுவரை வீட்டில் பல்புகூட மாட்டியிராத அம்மா, மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கற்றுக்கொண்டார். சில வருடங்களில், புதிதாக வந்தவர்களின் பலகைகளைச் சரிபார்க்கும் இடத்துக்கு உயர்ந்தார்.

அப்பா போன நாட்களில் உதவ முன்வந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அம்மா ஏற்கவில்லை என்பதில் சிலருக்கு மனத்தாங்கலும் உண்டு. அது யார் மீதும் கோபத்தினால் அல்ல. யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று அம்மா முடிவு செய்திருந்தார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கொடுப்பதில் அளவே கிடையாது. குளிர்காலத்தில் மரம் இலை உதிர்த்ததும் வாசலில் ஆட்கள் வந்துவிடுவார்கள். தொழிற்சாலைத் தோழிகள், ஸ்கூட்டரில் மௌலாலியிலிருந்து வரும் ஓர் உருது ஆசிரியை, மொட்டை மாடித் தோட்டக்காரர்களின் இணையக் குழுவில் நான் எழுதியதைப் பார்த்து வந்த சாஃப்ட்வேர் பையன்கள். பென்சில் கனத்தில் மூன்று கணு வைத்து வெட்டி, ஈர நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “தண்ணி கொஞ்சமா ஊத்துங்கோ. வேர் இல்லாம குடிக்க வாய் ஏது அதுக்கு?” என்பார். அதை நான் தெலுங்கில் சொல்வேன்.

நான்காவது வரியில் உள்ளவர் பக்கத்து வீட்டு ராவ் அங்கிள். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதிலுக்கு மேல் கையை நீட்டி ஒரு கிளையைப் படக்கென்று ஒடித்தார். அம்மா கோலப்பொடியோடு வெளியே வந்தார்.

“கேட்டா தர மாட்டேனா? இப்படியா களவாங்குவீரு?”

தமிழில் தொடங்கி, தெலுங்கில் தொடர்ந்து, இந்தியில் முடித்தார். வரிசை முழுதும் ஜன்னல் திறந்தது. ராவ் அங்கிள் கிளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார். “நக்கோ அம்மா, பூச்னா நக்கோ! பூச்கே லியே தோ லக்தாச் நை!” கேட்கவே கூடாது, கேட்டு வாங்கிய குச்சி பிடிக்காது என்பது அவருடைய தீராத நம்பிக்கை. அம்மாவுக்கு அது திருட்டு. அதன் பிறகு வாசலில் எதிர்ப்பட்டால் அம்மா மரத்தைப் பார்ப்பார், அவர் தன் செருப்பைப் பார்ப்பார். அவர் ஓய்வு பெற்று போவன்பள்ளிக்குக் குடிபோகும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தது கடும் கோடையில். குச்சி வெட்டும் பருவமே அல்ல. இருந்தும் அம்மா சில குச்சிகளைக் கொண்டு வந்து நட்டார். சில நாட்களில் பச்சைப் பசேலென்று இலை. தம்பி பெருமையோடு வெயிலில் தூக்கி வைத்தான். மாலைக்குள் எல்லாம் சுருண்டன. குச்சியில் இருக்கும் சத்தை வைத்தே இலை முதலில் வந்துவிடும், வேர் பிறகுதான் வரும்.

“இலையப் பாத்து ஏமாந்துட்டியேல,” என்றார் அம்மா. “போகட்டும். ஊரெல்லாம் குடுத்திருக்கேன்லா.”

மரம் வெட்டப்பட்ட செய்தி வந்தபோதுதான் அந்த வார்த்தையைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. நான் விசாரிக்கட்டுமா என்று கேட்டேன்.

“விசாரி. ‘தா’ன்னு மட்டும் கேக்காத.”

விசாரித்தேன். ஒருவர் பாசத்தில் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி அழுக வைத்திருந்தார். ஒருவர் வீட்டை அபார்ட்மென்ட் கட்டக் கொடுத்துவிட்டார். உருது ஆசிரியையின் செடியை ஆடு தின்றுவிட்டது. சாஃப்ட்வேர் பையன்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். கடைசியில் அம்மாவின் பழைய தோழி ஒருவர் சொன்னார்: “போவன்பள்ளியில் ராவ் வீட்டில் போய்ப் பார். உங்கள் மரம் அங்கே ஓட்டுக் கூரையைத் தாண்டி நிற்கிறது.”

தம்பி தெலுங்கில், “நர்சரிலோ கொனேத்தாம் அம்மா” என்றான். நர்சரியில் வாங்கிவிடலாமாம்.

“அது வேற மரம்லா,” என்றார் அம்மா.

அம்மா சொன்னது அறிவியல்படியும் சரி. விதையில் முளைப்பதுதான் பிள்ளை. குச்சியில் வளர்வது அதே மரம். அப்பா நட்ட குச்சியும் யாரோ ஒருவரின் மரம், அதற்கு முன் இன்னொருவருடையது. இப்படிப் பின்னால் போனால் அந்த மரத்துக்கு வயது சொல்ல முடியாது. ஈர நியூஸ்பேப்பரில் அம்மா சுற்றித் தந்துகொண்டிருந்தது இவ்வளவு பெரிய ஒன்று என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஆனால் அதை வாங்க அம்மா ஒருவரிடம் கேட்க வேண்டும். அதுவும் அவரிடம். அந்தப் பேச்சையே பல வாரம் எடுக்கவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஜனவரியில் ஒரு காலை, “ஏட்டி, போவன்பள்ளிக்கு எங்கன பஸ் மாறணும்?” என்றார். காரில் போனோம்.

குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் நட்டுவிட்டு மறந்தே போனாராம் ராவ் அங்கிள். அது இலையில்லாமல், சாம்பல் நிறக் கைகளை விரித்துக்கொண்டு, வீட்டைவிட உயரமாக நின்றது. அம்மா அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

எதற்கு வந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. ராவ் அங்கிள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மரத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

“தீஸ்கோ அம்மா. பூச்னா நக்கோ.”

எடுத்துக்கொள், கேட்காதே என்கிறார். அவர் மனைவி, ஆன்ட்டி, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா கையில் கத்தரியோடு அப்படியே நின்றார். கேட்பது அவரால் முடியாது. கேட்காமல் எடுப்பது அதைவிட முடியாது.

பிறகு அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்த முதுகைப் பார்த்து, நிதானமாக, அம்பாசமுத்திரத் தமிழில் சொன்னார்:

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் நட்ட மரம். எனக்கு ஒரு குச்சி தாங்க.”

ராவ் அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பரில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அம்மா வெட்டினார்.

அம்மா ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கேட்க வேண்டியதைக் கேட்டார், கேட்காமல் எடுப்பது திருட்டு என்ற தன் கொள்கையையும் விடவில்லை, அவருடைய நம்பிக்கையையும் கெடுக்கவில்லை. இந்த மூன்றும் ஒரே பேச்சில் அடங்கும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. அங்கிளுக்கு எவ்வளவு புரிந்தது என்று நான் விசாரிக்கவில்லை. திரும்பும்போது இருவரும் வாசலில் நின்று, முட்டிவலி மாத்திரைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

என் அலுவலகக் கேன்டீனில் ஜூஸ் தரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளர்களில், தேங்காய் நாரும் மணலும் கலந்து குச்சிகளை நட்டோம். அம்மா மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்த நாட்கள் அவை. ஒரு காலையில் டம்ளரை ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது, அதன் சுவரை ஒட்டி உள்ளே வெள்ளை நூலாக ஒரு வேர். அம்மாவின் படுக்கைக்கு எடுத்துப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாத்தாச்சுலா. தொந்தரவு பண்ணாம அங்கனயே வச்சிரு.”

மாசி மாதத்தில் அம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்.

முன்பதிவு கிடைக்காமல் நின்றுகொண்டே ரயிலில் வந்த அம்பாசமுத்திரத்து உறவினர்கள், கடைசிவரை அம்மாவிடம் பொறுமையாகப் பேசிய மருத்துவர், பத்து நாளும் எங்கள் அடுப்பை எரிய விடாமல் சோறு கொண்டுவந்த உப்பல் அண்டைவீட்டார், அம்மாவைத் தோளில் சுமந்த தொழிற்சாலை நண்பர்கள், மூன்று பஸ் மாறி வந்த ராவ் அங்கிள், ஆன்ட்டி ஆகிய எல்லோருக்கும் தம்பியும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வெட்டி வந்த குச்சிகளில் ஒன்று மட்டும் பிழைத்தது. இப்போது மொட்டை மாடியில், நீல டிரம் ஒன்றில், என் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. இன்னும் காய்க்கவில்லை.