புத்தி பதினெட்டு

என் மந்திரவாதிக்குப் புத்தி பதினெட்டு. ஆட்டம் தொடங்கும்போது அதைவிடக் கூடிய எண் யாருக்கும் கிடையாது. தாளில் அந்த எண்ணை எழுதியபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நான் வவுனியாவில் இருபத்திரண்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கும் டியூஷன் மாஸ்டர். புத்திக்குக் கீழே பட்டறிவு என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதற்கு ஏழு விழுந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

விளையாட்டைக் கொண்டுவந்தவள் மனைவியின் தங்கை, என் மச்சாள். கொழும்பில் செய்த கணினி வேலையை இப்போது நெளுக்குளத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து செய்கிறாள். ஞாயிறு பின்னேரங்களில் மேசையைச் சுற்றி உட்காருவோம். குகை, பூதம், புதையல் என்று அவள் கதை சொல்லுவாள். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். மனைவி வில்லுக்காரி. மூன்றாமவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர். புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து டவுனில் ஹாட்வெயார் கடை நடத்துபவர். அவர் கோடரி வீரன். புத்தி வெறும் ஐந்து.

எனக்கும் மச்சாளுக்கும் முதல் நாளே கொளுவல். குகைச் சுவரில் வெள்ளைப் பொடி என்றாள். வெடியுப்பு என்றேன். பகடையை உருட்டச் சொன்னாள். மூன்று விழுந்தது.

"உங்கட மந்திரவாதிக்கு அது என்னெண்டு தெரியாது, அத்தான்."

"எனக்குத் தெரியுமே! போன கிழமைதான் படிப்பிச்சனான்."

"உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

புத்தி பதினெட்டை வைத்துக்கொண்டு வெடியுப்புத் தெரியாத மந்திரவாதி என்ன மந்திரவாதி? அரை மணித்தியாலம் வாதாடினேன். நானா பொறுமையாகப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், "தெரியாது" என்ற சொல் எனக்கு வராது. வகுப்பில் தெரியாத கேள்வி வந்தால், "அது சோதினைக்கு வராது, எழுதாதேங்கோ" என்பேன். பிள்ளைகள் பேனையை மூடிவிடுவார்கள். டியூஷன் மாஸ்டருக்குப் பெயர் படிப்பித்து வருவதில்லை, வரப்போகும் கேள்வியை முன்கூட்டியே சொல்லி வருவது. கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்து வைத்திருக்கிறேன். போன வருடம் வந்தது இந்த வருடம் வராது என்பது என் தொழிலின் அடிப்படை. நெடுங்கேணியில் இருந்துகூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வருவது அதற்காகத்தான்.

நோன்புப் பெருநாள் கழிந்து தொடங்கிய ஆட்டம் நாலு மாதம் ஓடியது. அந்த ஞாயிறு கடைசிக் குகை. உயிரோடு அதைக் கடந்தால் கோடரி வீரனுக்கு மலையுச்சிக் கோட்டை சொந்தமாகும். நானா அந்தக் கோட்டைக்கு ஏற்கெனவே பிளான் கீறிச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்திருந்தார். தண்ணீர்த் தாங்கி எங்கே, குழாய் எந்தச் சுவரால் போகும், மூன்று கழிப்பறைக்கும் எத்தனை முழங்கைக் குழாய் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கொத்தளத்தைத்தான் மறந்துபோனார்.

குகை முடிவில் ஒரு கிண்ணம், நிறைய நீலத் தண்ணீர். காயப்பட்டுக் கிடந்த வீரனுக்குத் தாகம் என்றாள் மச்சாள். நானா என்னைப் பார்த்தார்.

"சேர், இதுக்குள்ள நஞ்சு கிஞ்சு இருக்குமோ?"

பகடையை உருட்டினேன். ஒன்று. மந்திரவாதிக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நானா கொப்பியைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் மாணவன் மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூளை தன் பாட்டில் வேலை செய்தது: நஞ்சு போன கிழமைதான் வந்தது. ஆகவே இந்தக் கிழமை வராது.

"நஞ்சு வராது நானா. குடியுங்கோ."

குடித்தார். செத்தார்.

மச்சாள் பாவம், தலையைக் குனிந்துகொண்டு, "போன கிழமை வந்தா இந்தக் கிழமை வரக்கூடாதெண்டு நான் எங்க அத்தான் சொன்னனான்?" என்றாள். நானா பிளானை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தெரியாதெண்டு சொல்லியிருந்தா நான் குடிச்சிருக்க மாட்டன் சேர்" என்றார். "நீங்க சொன்னதால குடிச்சனான்."

திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அப்படிச் சொன்னது வெட்கமாக இருந்தது. கிழமை முழுக்க வகுப்பில் "வராது" என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் நாலாக மடித்த அந்தப் பிளான் ஞாபகம் வந்தது. நானா இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். புது ஆட்டம், இந்தமுறை மந்திரவாதி அவர். நான் வாயைக் கட்டுவதற்காகவே கோடரி வீரனாகி, புத்திக் கட்டத்தில் ஐந்து போட்டுக்கொண்டேன். மச்சாள் முதல் அறையிலேயே ஒரு பெட்டியை வைத்தாள். மந்திரவாதி நானா, பழக்கதோஷத்தில் என்னிடமே திரும்பினார்.

"சேர், துறக்கலாமோ?"

பதில் நாக்கு நுனியில் நின்றது, காரணத்தோடு. அதை விழுங்கினேன். பல் கொதித்தவன் போல முகம் கோணியிருக்க வேண்டும்.

"தெரியாது நானா."

நானா கையை எடுத்துவிட்டார். பெட்டியை ஒரு தடியால் தட்டினார். உள்ளிருந்து ஊசி பாய்ந்து சுவரில் குத்தி நின்றது என்றாள் மச்சாள். நானா எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மனைவி மட்டும் பெட்டியையும் ஊசியையும் கவனிக்கவில்லை. வில்லுக்காரியின் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள். "கலியாணம் கட்டின நாளில இருந்து இதைக் கேக்கத்தான் இருக்கிறன்."